அண்ணனுக்கு மட்டும் பாலிசி கிடையாதா?

பல காலேஜ்களில் அட்மிஷன் அன்னிக்கே ஃபீஸோடு சேர்த்து குரூப் இன்ஷூரன்ஸுக்கும் பணம் பிடிச்சுடுவாங்க. நாம ஒரு ஃபார்ம்கூட நிரப்பியிருக்க மாட்டோம். ஆனா, அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணனோ, தங்கையோ உங்க வீட்டில் இருந்தா, அவங்களுக்கு ஒரு மெடிக்கல் பாலிசி கேட்டுப் பாருங்க. அப்பதான் தெரியும் சங்கதி!

'ஏற்கெனவே ஏதாவது குறைபாடு உண்டா?' என்று ஃபார்மில் ஒரு கேள்வி. 'ஆமாம்'னு டிக் அடிச்சதுமே ஏஜென்ட் குரல் மாறிடும். டெங்கு, டைபாய்டு, அப்பெண்டிக்ஸ் எல்லாம் எல்லாருக்கும் வர்றதுதானே? கணக்கு போட வராததற்கும் அப்பெண்டிக்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும்; சிலருக்கு வலிப்பும் சேரும். கம்பெனிகளின் பயம் முழுக்கப் பொய்யில்லை. அதுக்காக கதவையே சாத்தினா எப்படி?

'சொல்லாம விட்டுடலாம் சார்'னு ஐடியா கொடுக்கிறவங்களும் உண்டு. தயவுசெஞ்சு கேட்காதீங்க. ஆஸ்பத்திரி பில் வரும்போது அதையே காரணம் காட்டி க்ளைமை மறுத்துடுவாங்க.

சட்டம் தெரிஞ்ச நண்பர்கள் இங்கே ஒரு பாயின்ட் எடுத்துவிடுவாங்க. '2017 மனநலச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி இன்ஷூரன்ஸ் தரணுமே?' உண்மைதான். ஆனா, அதே சட்டம் 'மனநோய்' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் மனவளர்ச்சிக் குறைபாடு சேராது என்று தெளிவா எழுதியிருக்கு. ரெண்டும் வேற வேற என்பது சரி. ஆனா, இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நம்ம அண்ணன் வெளியே நிக்கிறார்.

திருப்பம் வந்தது டெல்லியிலிருந்து. முதுகுத்தண்டு காயத்தால் கை, கால் செயலிழந்த ஒருவருக்கு கம்பெனிகள் பாலிசி மறுக்க, அவர் கோர்ட்டுக்குப் போனார். மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவக் காப்பீடு பெறும் உரிமை உண்டுன்னு 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்து 2023 பிப்ரவரியில், ஒவ்வொரு கம்பெனியும் இவங்களுக்குன்னு ஒரு பாலிசி வெச்சிருக்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும். 'அப்படி ஒண்ணும் எங்ககிட்ட இல்லையே'ன்னு ஏஜென்ட் கை விரிச்சா நம்பாதீங்க. காரணத்தை எழுத்தில் கேளுங்க. அப்புறம் 155255-க்கு ஒரு போன்! அது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் எண்.

தனியார் பாலிசி கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேணாம். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் 'நிராமயா' இருக்கே! அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயசு வரம்பு கிடையாது, முன்கூட்டி டெஸ்ட் கிடையாது, கட்டணமும் சில நூறு ரூபாய்தான். ஸ்பீச் தெரபி, பிஸியோதெரபி செலவுக்கும் கிடைக்கும்; பெரும்பாலான தனியார் பாலிசிகள் இதைத் தொடவே தொடாது. ஆனா, முதல்ல நாமதான் பணம் கட்டி, பில்லை அனுப்பி வாங்கணும். ஒரு பெரிய ஆபரேஷன்னா 1 லட்சம் எந்த மூலைக்கு? அதனால்தான் தனியார் பாலிசியும் தேவைப்படுது.

பெற்றோரை அரிக்கிற கவலை வேற. ஃபேமிலி பாலிசியில் பிள்ளைகளுக்கு வழக்கமா 25 வயசு வரைக்கும்தான் இடம். அதுக்கப்புறம் தனி பாலிசின்னா யார் கையெழுத்து போடுறது? அப்பா, அம்மாவுக்குப் பிறகு ப்ரீமியம் யார் கட்டுறது? 18 வயசு தாண்டினவங்களுக்கு சட்டப்படி காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கமிட்டி இருக்கு. பெரும்பாலும் அந்தக் கையெழுத்து உடன்பிறந்தவங்களைத்தான் தேடி வரும். அதாவது, இதைப் படிச்சிட்டிருக்கிற உங்களைத்தான்!

நிராமயாவின் கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நடுவில் சேர்ந்தாலும் மார்ச்சோடு முடிஞ்சிடும். மாடல் எக்ஸாம் டென்ஷனில் ரினியூவலை மறந்துடாதீங்க.