மண் டீபாட் வாங்கப் போறீங்களா? முதல்ல மூடியைத் திறந்து உள்ளே பாருங்க!

2010-ம் ஆண்டு. பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு மண் டீபாட் 1.2 கோடி யுவானுக்கும் மேல் விலை போனது. அன்றைய கணக்கில் சுமார் 8 கோடி ரூபாய். செய்தவர் கு ஜிங்ஜோ என்ற புகழ்பெற்ற கலைஞர். அதே ஆண்டு மே மாதம், சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி இன்னொரு செய்தியை ஒளிபரப்பியது. வேறு மண்ணில் நிறத்துக்காக ரசாயனங்களைக் கலந்து, அசல் 'ஸிஷா' டீபாட் என்று சிலர் விற்கிறார்கள் என்பதுதான் அது. சீனா முழுக்க டீ பிரியர்கள் ஆடிப்போனார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து தினமும் குடிக்கிற பாத்திரமாச்சே!

இன்று சீன டீ மீது ஆசைப்பட்டு ஆன்லைனில் டீபாட் தேடுகிறவருக்கும் இதே சிக்கல்தான். போட்டோவில் எல்லாமே அசல் மாதிரிதான் தெரியும்.

அந்த மண்ணில் என்ன விசேஷம்?

ஸிஷா என்றால் 'ஊதா மணல்' என்று அர்த்தம். ஜியாங்சு மாகாணத்தில் தாய் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் யீஷிங் நகரம்தான் இதன் பூர்வீகம். பெயர்தான் மணல். தோண்டி எடுக்கும்போது பாறைக்கட்டியாக இருக்கும். அதை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரவிட்டு, அரைத்து, சலித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைகிறார்கள். இரும்புச்சத்து அதிகம் என்பதால் சூளையில் வெந்ததும் ஊதா கலந்த பழுப்பு, செங்கல் சிவப்பு, மங்கிய மஞ்சள் என்று நிறம் தானாகவே வந்துவிடும்.

பீங்கானுக்குப் போடுவதுபோல இதன்மேல் கண்ணாடிப் பூச்சு போடுவதில்லை. சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி வெப்பத்தில் வேகும்போது தண்ணீர் கசியாத அளவுக்கு மண் இறுகிவிடும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மிச்சமிருக்கும். அவைதான் சூட்டைப் பிடித்து வைக்க உதவுகின்றன. டீயின் வாசனையை இழுத்துக்கொள்வதும் அவைதான்.

அதனால்தான் 'ஒரு டீபாட்டுக்கு ஒரே வகை டீ' என்பார்கள். மீன்குழம்புச் சட்டியில் யாராவது பால் காய்ச்சுவோமா? அதே கதைதான். பல வருஷம் பழகிய டீபாட்டில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

உள்ளே தெரியும் உண்மை

யீஷிங் டீபாட்டைச் சக்கரத்தில் சுற்றி வனைவதில்லை. மண்ணை மரச்சுத்தியால் தட்டித் தட்டித் தகடாக்கி, அதை வளைத்து உருளையாக ஒட்டி, மெல்லிய மரப்பட்டையால் அடித்து அடித்து வயிறு உருட்டுகிறார்கள். அதனால் முழுக்கக் கையால் செய்ததில் தகடு ஒட்டிய இணைப்புத் தடம் உள்பக்கம், பெரும்பாலும் கைப்பிடி இருக்கும் பக்கத்தில், லேசாகத் தெரியலாம். அச்சில் அழுத்திச் செய்து கையால் முடிப்பவை பாதிக் கைவேலை. அதில் தவறேதும் இல்லை, அப்படிச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்கும்வரை.

உள்ளே வட்ட வட்டமாக வரிகள் ஓடினால் அது சக்கரத்தில் வனைந்தது. மண்கூழை அச்சில் ஊற்றி எடுத்ததென்றால் உள்பக்கமும் ஒரே வழவழப்பாக இருக்கும். இவற்றை 'யீஷிங் கைவேலை' என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால், குவாங்டாங் மாகாணத்தின் சாவ்ஜோ பகுதியிலும் அருமையான சிவப்பு மண் டீபாட்கள் செய்கிறார்கள். அங்கே சக்கரத்தில் வனைவதுதான் மரபு. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வரியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிறம். அசல் மண் கொஞ்சம் மங்கலாக, சன்னமான மணல் புள்ளிகளோடு இருக்கும. கிளிப்பச்சை, அடர்நீலம், மை போன்ற கறுப்பு என்று பளிச்சென்று இழுத்தால் ஆக்ஸைடு நிறமிகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுசிலேயே மினுமினுத்தால் மெழுகோ பாலிஷோ தேய்த்திருக்கலாம். கொதிநீர் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். லேசான மண்வாசனை வரலாம். பெயின்ட், ஷூ பாலிஷ் நெடி வந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூடியைத் தட்டி 'டிங்' சத்தம் கேட்பது, மூடியின் துளையை விரலால் அடைத்து டீ நிற்கிறதா என்று பார்ப்பது என்று வீடியோக்களில் நிறைய வித்தை காட்டுகிறார்கள். முதலாவது நன்றாக வெந்திருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது மூடி கச்சிதமாகப் பொருந்துகிறதா என்று சொல்லும். மண் அசலா என்பதை இரண்டுமே சொல்லாது. அடியில் இருக்கும் முத்திரையும் கூடவே வரும் சான்றிதழும் அப்படித்தான். பட்டம் பெற்ற கலைஞர் பெயரில் வேறு யாரோ செய்து கொடுக்கும் வியாபாரம் யீஷிங்கிலேயே பழக்கமான விஷயம்.

எந்த டீக்கு எது?

முதலில் டீயை முடிவு செய்துவிட்டு அப்புறம் டீபாட்டைத் தேடுவதுதான் சரியான வரிசை. பு-அர், வூயி மலை ஊலாங் போன்றவற்றுக்குக் கொதிநிலையில் தண்ணீர் வேண்டும். அவற்றுக்கு ஸிஷா பிரமாதம். கிரீன் டீக்கு அவ்வளவு சூடு ஆகாது. அதற்குக் கண்ணாடி டம்ளரோ பீங்கானோ போதும். ஒருவர், இருவர் குடிக்க 100 முதல் 150 மில்லி கொள்ளளவு தாராளம். இலையை நிறையப் போட்டு, சில விநாடிகளில் வடித்து, மறுபடி மறுபடி ஊற்றிக் குடிக்கும் முறை என்பதால் தண்ணீர் சீக்கிரம் கொட்ட வேண்டும். மெதுவாகச் சொட்டும் மூக்கு இருந்தால் டீ கசந்துவிடும்.

பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் போட்ட நம் வீட்டு டீயை இதில் ஊற்றவே கூடாது. நுண்துளைகளில் பால் தங்கினால் கெட்ட வாடை வந்துவிடும். சோப்பும் ஆகாது. குடித்து முடித்ததும் இலையை எடுத்துவிட்டு வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே வைத்து உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

'முழுக்கக் கைவேலை, அசல் ஸிஷா' என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால், திறமையான கைவினைஞருக்கே அதைச் செய்து முடிக்க நாள்கணக்கில் ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் அதே பணத்துக்கு 'கைவான்' எனப்படும் மூடிபோட்ட பீங்கான் கோப்பை வாங்கலாம். அது எந்த வாசனையையும் பிடித்து வைக்காது, எல்லா டீக்கும் ஒத்துவரும். சீனாவில் புது டீயை ருசி பார்க்க டீக்கடைக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பதும் அதைத்தான்.