நொடித்த கம்பெனியும் அரசாங்க ஜாமீனும்

மாணவர்களே, கடைத்தெருவில் ஒரு வியாபாரி மஞ்சட் கடிதம் கொடுத்தால், கடன் கொடுத்தவர்கள் எஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அத்தோடு கதை முடிந்துவிடும். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் பெருங் கம்பெனி நொடித்தாலோ மந்திரிசபையே கூடி யோசிக்கிறது. இந்த வேற்றுமை எதனால்? ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

1970-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஹீத் தலைமையில் கன்சர்வேடிவ் கட்சி பதவிக்கு வந்தது. தள்ளாடும் கம்பெனிகளுக்கு வரிப்பணத்தால் முட்டுக் கொடுப்பதில்லை என்பது அக்கட்சியின் கொள்கை. அத்தகைய கம்பெனிகளை ஆங்கிலேயர் 'நொண்டி வாத்துகள்' என்பர். மந்திரி ஜான் டேவிஸ் அச்சொல்லையே எடுத்தாண்டார். ஓராண்டுகூட ஆகவில்லை, 1971 பிப்ரவரி 4-ஆம் நாள் ரோல்ஸ் ராய்ஸ் வீழ்ந்தது!

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்க லாக்ஹீட் கம்பெனியின் டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்.பி. 211 என்னும் எஞ்சினைச் செய்துதர அது 1968-இல் ஒப்புக்கொண்டிருந்தது. எஞ்சின் உருவாகுமுன்பே விலையைக் குறித்தாகிவிட்டது. கரிநாரினால் செய்த விசிறித் தகடுகளோ, பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் தோற்றன. டைட்டேனியத்துக்கு மாறவேண்டியதாயிற்று. செலவு ஏறிக்கொண்டே போயிற்று, விலை அசையவில்லை. வீடு கட்டிக் கொடுக்க மொத்தக் குத்தகை பேசிய மேஸ்திரிகள் இத்துன்பத்தை நன்கு அறிவார்கள்.

ஹீத் பழைய கம்பெனியை வீழவிட்டார். விமான எஞ்சின் முதலிய முக்கியப் பகுதிகளை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. பிரிட்டிஷ் விமானப்படை அந்த எஞ்சின்களை நம்பியிருந்தது. டார்பி நகரத்துக் குடும்பங்களோ அத்தொழிற்சாலையையே நம்பியிருந்தன. கொள்கையைக் கைவிட்டார் என்று நகைத்தோர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். நட்டம் பங்குதாரர்மேல் விழுந்தது, தொழில் நிலைத்தது. கம்பெனி வீழ்ந்ததால், விலையைப் புதிதாகப் பேசவும் வழி பிறந்தது.

எஞ்சின் இன்றி விமானம் ஏது? லாக்ஹீடும் தள்ளாடிற்று. 25 கோடி டாலர் வரையிலான வங்கிக் கடனுக்கு அமெரிக்க அரசாங்கம் ஜாமீன் நிற்க ஒரு மசோதா வந்தது. ஜாமீன் என்பது உடனே பணம் கொடுப்பதன்று. கம்பெனி கட்டத் தவறினால் பொதுமக்கள் கட்டுவதாகும். வேலைகள் போய்விடுமே என்று ஒரு சாரார் அஞ்சினர். லாபம் முதலாளிக்கு, நட்டம் மட்டும் ஊருக்கா என்பது மற்றொரு சாராரின் கேள்வி. திறமையாக நடக்கும் போட்டிக் கம்பெனிக்கு இது அநீதியல்லவா என்ற கேள்வியும் உண்டு. எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது அதுதான்.

கட்சி வேற்றுமை இங்கே கரைந்துவிட்டது. லாக்ஹீட் ஆலைகள் இருந்த கலிபோர்னியாவின் டெமாக்ரட் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் மசோதாவை ஆதரித்தார். விஸ்கான்சினின் டெமாக்ரட் வில்லியம் பிராக்ஸ்மயர் முழுமூச்சாக எதிர்த்தார். 1971 ஆகஸ்டில் செனட்டில் ஆதரவு 49, எதிர்ப்பு 48. ஒரே ஒரு வாக்கு!

1977-இல் ஜாமீன் முடிந்தது, வரிப்பணம் நட்டமாகவில்லை. ஆயினும் டிரைஸ்டார் 250 விமானங்களோடு நின்றுபோயிற்று; பயணிகள் விமானத் தொழிலையே லாக்ஹீட் விட்டுவிட்டது. ஆர்.பி. 211 எஞ்சினோ தழைத்து, டிரென்ட் என்ற எஞ்சின் வரிசைக்கு மூலமாயிற்று. 1987-இல் ரோல்ஸ் ராய்ஸைப் பங்குகளாக்கித் தனியாருக்கு விற்றதும் ஒரு கன்சர்வேடிவ் அரசாங்கமே.