காட்டில் விருந்தாளியை வரவேற்பது யார்?

தீபாவளி முடிந்த கையோடு அண்ணன் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். “சித்தப்பா, டிசம்பர்ல நாலு நாள் லீவு. ஃப்ரெண்ட்ஸோட வர்றேன். பச்சைமலையில டென்ட் அடிச்சு, ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டு, சிக்கன் சுட்டுச் சாப்பிடலாமா?”

பெரம்பலூர்க்காரனான எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நமக்கும் ஒரு மலை இருக்கிறது என்று சென்னைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறதே! அடுத்த நிமிடமே பயம் வந்துவிட்டது. “யாருகிட்டடா கேட்ட?” என்றேன். “காட்டுல யாரைக் கேக்கணும் சித்தப்பா?” என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் யூடியூபில் பார்ப்பது அமெரிக்கக் காடுகளை. அங்கே மலைக்காட்டு முகாம்களில் ‘கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட்’ என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவி. கோடைக்காலம் முழுக்க முகாமின் வாசலிலேயே தங்கள் வண்டிவீட்டை நிறுத்திக்கொண்டு தங்குவார்கள். பல இடங்களில் சம்பளம் கிடையாது. தங்க இடமும் தண்ணீரும் மின்சாரமும் இலவசம். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, கழிப்பறை கழுவுவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு போடுகிறவர்களைச் சிரித்த முகத்தோடு அடக்குவது எல்லாம் அவர்கள் வேலை. இதில் முக்கியமானது, விருந்தாளிகள் கிளம்பிய பிறகு அடுப்புக் குழிகளைப் பார்ப்பது. தண்ணீரை ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூடு இருந்தால் நெருப்பு அணையவில்லை என்று கணக்கு.

நம் ஊரில் அப்படி ஒரு பதவி இல்லை. ஆனால், அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆளாளுக்குப் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கோவை மாவட்டம் பரளிக்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில், வனத்துறையோடு சேர்ந்து பழங்குடி மக்களே நடத்தும் சூழல் சுற்றுலா. முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும். பரிசல் ஓட்டுவது ஊர் ஆண்கள், சமைத்துப் பரிமாறுவது ஊர்ப் பெண்கள். சாயங்காலம் ஆனால் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். வந்தவர்களை விருந்தாளியாகவும் நடத்துவார்கள், எல்லை தாண்டினால் கண்டிக்கவும் செய்வார்கள். அந்த உரிமை வீட்டுக்காரருக்குத்தானே உண்டு!

இன்னொரு வகை ஆட்கள் தீத்தடுப்புக் காவலர்கள். கோடை நெருங்கும்போது வனத்துறை மலையோரக் கிராமத்து ஆட்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுக்கும். காய்ந்த புல்லையும் சருகையும் பட்டையாக அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். எங்காவது புகை தெரிந்தால் ஓடிப்போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பார்கள். மழை வந்ததும் வேலை முடிந்துவிடும்.

2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கிறதா? தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. காய்ந்த புல் நிறைந்த சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஏறும் வேகம் நம் கால்களுக்குக் கிடையாது. அனல் முன்னாலேயே மேலே போய் அடுத்த புல்லைக் காய்ச்சி வைத்துவிடும். தீ பின்னாலேயே வந்து பற்றிக்கொள்ளும். உச்சிக்கு ஓடினால் தப்பிக்கலாம் என்றுதான் வெளியூர்க்காரருக்குத் தோன்றும். எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் ஓடை என்பது அந்த மலையில் பிறந்தவருக்குத்தான் தெரியும்.

இனி நம் மலைக்கு வருவோம். திருச்சி, சேலம், பெரம்பலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது பச்சைமலை. மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் முடிச்சுப் போடாதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்). பெரம்பலூர் பக்கத்தில் லாடபுரம் அருகே மயிலூற்று அருவி, அப்புறம் கோரையாறு அருவி. இரண்டுமே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் விழும், கூட்டம் வரும். தை பிறந்தால் தண்ணீர் சுருங்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து நெருப்புக் காலம் தொடங்கும்.

எனக்கு ஒரு யோசனை. மழை மாதங்களில் அருவிக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெயில் மாதங்களில் தீயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ஆளுக்குக் கொடுத்தால், வருடத்தில் ஏழெட்டு மாதம் வேலை. பிழைப்பு தேடி மலையிறங்கும் ஒரு இளைஞன், ஒரு பெண், சொந்த ஊரிலேயே இருக்கலாம். ஒருமுறை ஓர் அருவியில் குளிக்க இறங்கி, தண்ணீருக்குள் கிடந்த உடைந்த பாட்டிலில் காலைக் கிழித்துக்கொண்டேன். நாலு தையல். அங்கே ஒரு வீட்டுக்காரர் நின்றிருந்தால் அந்த பாட்டில் மேலேயே ஏறியிருக்காது.

மலை மட்டும் என்றில்லை. அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் ஏரி. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும் குளிர்காலத்தில் பார்க்க ஆட்களும் வருகிறார்கள். ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லவும், ‘அதோ பாருங்கள்’ என்று கை காட்டவும் அங்கேயும் ஒருவர் நின்றால் நன்றாக இருக்கும்.

அண்ணன் மகனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம் என்று மட்டும் சொன்னேன். “அப்போ சிக்கன்?” என்றான்.

பேசி முடிவாகிவிட்டது. காலையில் கரைவெட்டி. மறுநாள், வனத்துறையில் கேட்டுக்கொண்டு, தண்ணீர் இருந்தால் மயிலூற்று. ராத்திரி டென்ட் எங்கள் களத்துமேட்டில். பக்கத்தில் ரெண்டு குடம் தண்ணீர் வைத்திருப்பேன். எல்லோரும் தூங்கப் போன பிறகு சாம்பலைக் கிளறி, புறங்கையை வைத்துப் பார்க்கும் வேலையும் என்னுடையதுதான்.