ஐந்து ஓட்டங்கள், விக்கெட் இல்லை

லக்கலப் பக்கத்துக் கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லே ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு பேஸ்போல் புரியாத விளையாட்டல்ல. பந்தைக் கம்பால் அடித்துவிட்டுத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பேஸ்போலில் ஒரே பந்துவீச்சாளர் ஆட்டம் முழுவதும் வீசி எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் முடித்தால், அது ‘ஷட்அவுட்’. 2023 ஜூலை 27 அன்று டெட்ராய்ட் அணிக்கெதிராக ஷோஹெய் ஓத்தானி 111 பந்துகள் வீசி இதைச் செய்தார். அவரது அணி 6–0 என வென்றது. வோல்டர் ஜோன்சன் தன் காலத்தில் 110 ஷட்அவுட்களை எட்டினார். இன்று ஏறத்தாழ நூறு பந்துகளிலேயே வீச்சாளரை மாற்றிவிடுவதால் அது அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் அங்கே அதற்குத் தனிப் பெயரும் மதிப்பும் உண்டு. ஓட்டம் கொடுக்காதிருப்பதை நம் கிரிக்கெட் அந்த அளவுக்கு மதிக்கவில்லை என்பதே என் குறை.

1964 ஜனவரி 12, சென்னை. இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டின் மூன்றாம் நாள். இடதுகைச் சுழற்பந்துவீச்சாளர் பாப்பு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்களை மெய்டனாக வீசினார். 131 பந்துகளில் அவரிடமிருந்து ஓர் ஓட்டமும் கிடைக்கவில்லை. எதிரே நின்ற பிரையன் போலஸும் கென் பரிங்டனும் அந்த இன்னிங்ஸில் முறையே 88, 80 எடுத்தவர்கள். ஆட்டமிழக்கத் தயாராக நின்றவர்கள் அல்ல. இன்னிங்ஸ் முடிந்தபோது நட்கர்னியின் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் இல்லை.

அந்தக் கடைசிப் பூச்சியத்தைக் காட்டித்தான் பலரும் இதை வேடிக்கைச் செய்தியாக ஒதுக்குகிறார்கள். துடுப்பாட்ட வீரர்கள் அடிக்க முயலவே இல்லை, ஆட்டமும் சமநிலையில் முடிந்தது என்பது அவர்கள் வாதம். மந்தமான ஆட்டம்தான், மறுக்கவில்லை. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்களுமே சமநிலைதான். ஆனால் அதே இன்னிங்ஸில் இங்கிலாந்து 317 எடுத்தது. நட்கர்னி கொடுத்தது அதில் ஐந்தே. எதிரணியின் மந்தம் மட்டுமே காரணமென்றால் மற்றவர்களுக்கும் அந்தச் சிக்கனம் வாய்த்திருக்க வேண்டும். ஒருநாள் அதிர்ஷ்டமும் அல்ல. 41 டெஸ்ட்கள் ஆடிய அவர், ஓவருக்குச் சராசரியாக 1.67 ஓட்டம்தான் கொடுத்தார்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது. பேஸ்போலில் 27 பேரை ஆட்டமிழக்கச் செய்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஓட்டமே கொடுக்காதவன் தோற்பதில்லை. டெஸ்டிலோ விக்கெட் விழாவிட்டால் பொழுதுதான் கழியும். இந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் டெஸ்டில் இருவர் மாறி மாறி வீசுகிறார்கள் என்பதை அது மறந்துவிடுகிறது. ஒரு முனை இறுகினால் துடுப்பாட்ட வீரர் மறுமுனையில்தான் ஓட்டம் தேட வேண்டும். அந்த இன்னிங்ஸில் லெக் ஸ்பின்னர் சந்து போர்டே 88 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். டெஸ்டில் அவரது மிகச் சிறந்த பந்துவீச்சு அதுவே. அதில் நட்கர்னியின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்று நான் நம்பமாட்டேன். டி20 வந்த பிறகு ‘டொட் பந்து’களைத் தனியே எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால், நட்கர்னி அன்று வீசிய 192 பந்துகளில் குறைந்தது 187 ஓட்டம் தராதவை.