“இங்கே எப்பவும் இப்படித்தான்!”

நாம் வேலை செய்யும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் இவை. அலுவலகமோ, பள்ளிக்கூடமோ, கடையோ, எதுவாக இருந்தாலும் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். நாளடைவில் அவரும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்; நம்மில் ஒருவராகிவிடுகிறார்!

சோதித்துப் பார்க்காமலே உண்மை என்று நாம் ஏற்றுக்கொண்டவைதான் அனுமானங்கள். புதிய வழிகள் பிறக்காமல் போவதற்குப் பல நேரங்களில் காரணம் திறமைக் குறைவு அல்ல, இந்த அனுமானங்களே.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கைகளால் கண் அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது என்றுதான் எவரும் நினைப்பர். அவரோ விடாமல் பயிற்சி செய்து, ஆயிரக்கணக்கானோருக்குப் பார்வை கொடுத்தார்.

கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம், மருத்துவர்களோ சிலர். ‘இன்னும் மருத்துவர்கள் வேண்டும்’ என்பதே வழக்கமான பதில். அரவிந்தில் கேட்கப்பட்ட கேள்வி வேறு: மருத்துவரின் நேரம் எதில் செலவாகிறது? நோயாளியைத் தயார் செய்வதையும், முதற்கட்டப் பரிசோதனைகளையும் மருத்துவரேதான் செய்ய வேண்டுமா? கிராமத்து இளம்பெண்களுக்கு இப்பணிகளில் பயிற்சி அளித்தார்கள். ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயாராக வைத்தார்கள். மருத்துவரின் காத்திருப்பு குறைந்தது. பார்வை பெறுவோர் தொகை பெருகியது.

கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது அடுத்த அனுமானம். 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் தயாரித்தார்கள். விலை பன்மடங்கு குறைந்து, ஏழைக்கும் அது எட்டியது.

ஆனால் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது வேறொன்று. ‘சிகிச்சை இலவசம் என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள்’ என்று எவருக்கும் தோன்றும். பலர் வரவில்லை! பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, இழக்கும் கூலி, துணைக்கு வர ஆள் இல்லாமை, பயம் என்று இலவசத்துக்குள்ளும் ஏழைக்கு ஒரு விலை இருந்தது. எனவே முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து, உணவும் தந்து, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு உருவானது. நல்லெண்ணத்துக்குள்ளும் தவறான அனுமானம் ஒளிந்திருக்கலாம் என்பதை இது நமக்குக் காட்டுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர் அனுமானித்தவர் அல்லர். வாசலுக்கு வர இயலாமல் போனவரே.

நாம் எங்கிருந்து தொடங்குவது? ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் ஓர் எளிய பழக்கத்தை வலியுறுத்தினார்: சிக்கல் வந்தால் ஐந்து முறை ‘ஏன்?’ என்று கேட்பது. இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? ஃபியூஸ் போய்விட்டது. புது ஃபியூஸ் போட்டு அத்துடன் விட்டுவிடுவதே நம் வழக்கம். தொடர்ந்து கேட்டால் எண்ணெய் போதவில்லை, பம்பு சரியாக இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்துவிட்டது, வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது என்று உண்மைக் காரணம் வரை போகலாம். கவனியுங்கள், கேள்வி ‘யார்?’ அல்ல, ‘ஏன்?’. ‘யார் செய்தது?’ என்று தொடங்கினால் எல்லாரும் வாய் மூடிக்கொள்வார்கள்.

பழையவை எல்லாம் தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. சில விதிகள் அனுபவத்தில் விளைந்தவை, உயிரைக் காப்பவை. காரணம் கேட்டறிந்தால் அவற்றை இன்னும் உறுதியாகப் பின்பற்றுவோம். காரணமே இல்லாதவற்றை விட்டுவிடத் துணிவோம்.

இந்த வாரம் நம் வேலையில் ‘எப்பவும் இப்படித்தான்’ என்று செய்யும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது ஏன்? இதனால் யாருக்குப் பயன்? யாருக்குச் சிரமம்? அடுத்தமுறை புதியவர் ஒருவர் “ஏன்?” என்று கேட்டால், சிரித்து ஒதுக்காமல் சற்று நின்று பதில் தேடுவோமா?