வீட்டுக்கு முன் சாக்கடை

பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி வீடு வாங்குபவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி எண்ணைச் சரிபார்க்கிறார், குடிநீர் வருமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். குளியலறையிலிருந்து இறங்கும் நீர் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் என்றால் நாலாயிரம் பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடுகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் அளவு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அதே கையேடுகளின் கணக்கு. அப்படியானால் இந்த ஒரு வளாகத்திலிருந்து தினமும் 4 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர் கழிவுநீர் வெளியேறும். குழாய் இல்லாத இடத்தில் 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் இதை அள்ள வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 36 நடை. மழை, விடுமுறை, லாரி வேலைநிறுத்தம் எதுவானாலும் 36 நடை. வீடு கட்ட அனுமதி தருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம். ஒரு பகுதியின் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையமும் தாங்கும் அளவுக்கு மேல் அங்கே வீடுகளுக்கு அனுமதி தரக்கூடாது. அப்படி நிறுத்தும்போது, தாங்கும் அளவை எந்தத் தேதிக்குள் உயர்த்துவோம் என்று அரசும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

சென்னையின் தென்பகுதி இதற்குச் சரியான பாடம். 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் நகரோடு இணைந்தன. வார்டு எண் உடனே வந்தது. ஆனால் பாதாளச் சாக்கடைப் பணி, இணைக்கப்பட்ட பல பகுதிகளில் பத்தாண்டு கடந்தும் முழுமையடையவில்லை. அதற்குள் தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளும் மளமளவென்று எழுந்துவிட்டன. நிலமும் இங்கே துணை நிற்பதில்லை. பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கடலும். நிலத்தடி நீர்மட்டம் மேலேயே நிற்கும் இடங்களில் செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? ஐப்பசி, கார்த்திகையில் மண்ணே நீரால் நிறைந்திருக்கும்போது தொட்டி நீர் மழைநீர் வடிகாலுக்குத்தான் ஏறும். ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கும், அங்கிருந்து முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கும் அது போய்ச் சேரும். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சர்வதேச மதிப்புள்ள ஈரநிலம் என்று அறிவித்துவிட்டு, அதைச் சுற்றி வாழ்பவர்களின் கழிவுநீருக்கு வழி சொல்லாமல் விட்டால் அந்த அறிவிப்புக்குப் பொருள் குறைந்துபோகும்.

அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்படுவதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. அங்கே கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி எழும். அந்த வரம்புக்குக் கீழே ஒரே தெருவில் அறுபது வீடுகள் கொண்ட பத்துக் கட்டடங்கள் வந்தால் அந்தக் கேள்வி அங்கே எழுவதில்லை. வரைபடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும். பத்தும் சேர்ந்து அந்தத் தெருவுக்கு என்ன செய்யும் என்பதைக் கூட்டிப் பார்க்கும் கட்டம் நடைமுறையில் வலுவாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டைச் சாதாரணக் கட்டடங்களுக்கு 2 என்றும், உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 என்றும் வகுத்தன. சென்னையில் முன்பு இவை 1.5, 2.5 என இருந்தன. அதே மனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம் என்றால், அந்த மனைக்கு முன்னால் ஓடும் குழாய்க்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை. குறியீட்டை ஓர் அரசாணையால் உயர்த்திவிடலாம். குழாயின் விட்டத்தை அப்படி உயர்த்த முடியாது.

தாங்குதிறன் என்பது சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர்ப்பலகையில் உள்ள எண் மட்டும் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 1.8 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் மேற்சொன்ன கணக்குப்படி சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் போதும். ஆனால் கழிவுநீர் நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே எல்லா வீட்டுக் குழாய்களும் ஒன்றாகத் திறக்கின்றன. அதனால்தான் தெருக் குழாய்களைச் சராசரியைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு ஓட்டத்தைத் தாங்குமாறு வடிவமைக்கிறார்கள். சென்னை சமதளமான ஊர். கழிவுநீர் தானாக வெகுதூரம் ஓடாது, வழியில் கழிவுநீரேற்று நிலையங்கள் அதை மேலேற்றித் தள்ள வேண்டும். நடுவில் ஒரு நிலையத்தின் மோட்டார் சிறியதாக இருந்தால் போதும், கடைசியில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் பாதி காலியாகக் கிடந்தாலும் இங்கே மேன்ஹோல் பொங்கும். எனவே எந்தக் குழாயில், எந்த நீரேற்று நிலையத்தில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்கு பகுதிவாரியாக வேண்டும்.

பெரிய வளாகங்கள் தங்களுக்கென்று சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்கின்றனவே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், கணக்கால் பதில் சொல்லலாம். ஒருவரின் 135 லிட்டரில் கழிப்பறைக்குப் போவது ஏறத்தாழ 45 லிட்டர். சுத்திகரித்த நீர் முழுவதையும் தனிக் குழாயில் கழிப்பறைகளுக்கே திருப்பிவிட்டாலும் நம் ஆயிரம் வீட்டு வளாகத்தில் செலவாவது 1 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். மிஞ்சும் இரண்டரை லட்சம் லிட்டரில் கொஞ்சம் தோட்டத்துக்குப் போகும், மழைக்காலத்தில் அதுவும் போகாது. ஆக, மிகச் சிறப்பாக நடக்கும் நிலையத்துக்கும் வெளியே ஒரு வழி வேண்டும். எல்லா நிலையங்களும் சிறப்பாக நடப்பதும் இல்லை. கழிவைத் தின்று நீரைத் தெளியவைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஒழுங்காகத் தீனியும் காற்றும் வேண்டும். பாதி வீடுகளில் ஆள் குடியேறாத முதல் சில ஆண்டுகளில் தீனி போதாது. பின்னர் மின்கட்டணத்துக்கு அஞ்சிக் காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்தினால் காற்றும் போதாது. அடுக்ககங்களுக்குச் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டாயமாக்குவதில் முன்னே நின்ற பெங்களூரில்தான் பெல்லந்தூர் ஏரி நுரைத்தது, 2015-இலும் பின்னர் 2017, 2018-இலும் தீப்பிடித்தது. அதற்கு அடுக்ககங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நகரின் கழிவுநீரில் கணிசமான பங்கு அந்த ஏரிக்குத்தான் இறங்கியது. வளாகத்துக்கு வளாகம் சிறு நிலையங்கள் வைப்பதால் ஊருக்கான குழாயின் தேவை தீர்ந்துவிடாது என்பதையே அது காட்டுகிறது. இந்தத் தனியார் தொட்டிகளுக்குள் இறங்கி உயிர்விடும் தொழிலாளர்களையும் மறக்க முடியாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொட்டிகள் பெருகப் பெருகக் கண்காணிப்பு எட்டாத மூலைகளும் பெருகுகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு விலை பற்றியது. அனுமதியைக் கட்டுப்படுத்தினால் வீடுகள் குறையும், விலை ஏறும், நடுத்தரக் குடும்பம் இன்னும் தள்ளிப் போகும். இது உண்மை, மறைத்துப் பேச வேண்டியதில்லை. தடையை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் லாஸ் ஓசோஸ் என்ற சிற்றூரே சான்று. சுமார் 14,000 பேர் வாழும் அந்தக் கடலோர ஊர் செப்டிக் டேங்குகளையே நம்பியிருந்தது. நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியதால் 1988-இல் புதிய வீடுகளுக்குத் தடை வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை எங்கே வைப்பது, செலவை யார் ஏற்பது என்ற சண்டையில் ஆண்டுகள் ஓடின. 2005-இல் உள்ளூர் நிர்வாகிகளை மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள், மறு ஆண்டு அந்த உள்ளூர் நிர்வாக அமைப்பே திவால் மனு போட்டது. நிலையம் இயங்கத் தொடங்கியது 2016-இல். மனை வாங்கியவர்களில் ஒரு தலைமுறை வீடு கட்டாமலே முதுமையடைந்தது. இதற்கு மாறான வழியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராமாப்போ ஊராட்சி சாக்கடை, வடிகால், சாலை, பூங்கா, பள்ளி போன்றவை எட்டும் அளவுக்கு மதிப்பெண் தந்து, போதிய மதிப்பெண் உள்ள இடங்களில் மட்டும் வீட்டுத் திட்டங்களை அனுமதித்தது. கூடவே, இந்த வசதிகளை 18 ஆண்டுகளுக்குள் படிப்படியாக ஊர் முழுக்கக் கொண்டுபோகும் செலவுத் திட்டத்தையும் முன்வைத்தது. 1972-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதை ஏற்றதற்கு அந்தக் காலக்கெடுவே முக்கியக் காரணம். ஏழைகளை ஊருக்கு வெளியே நிறுத்த இது சாக்காகும் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தை நாமும் காதில் வாங்க வேண்டும். இருக்கும் கொள்ளளவில் ஒரு பங்கைச் சிறு வீடுகளுக்கும் வாரியக் குடியிருப்புகளுக்கும் முதலிலேயே ஒதுக்கிவைத்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

விலையைப் பற்றி இன்னொன்று. சாக்கடை இல்லாத வீடு மலிவு என்பது பத்திரப் பதிவு நாளோடு முடிந்துவிடும் கணக்கு. லாரிச் செலவு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் வருகிறது. கிணறு கெட்டவர் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். அந்த லாரி இரவில் எந்த நீர்நிலையில் திறந்துவிடுகிறதோ அதன் கரையில் இருப்பவர் நோயாகச் செலுத்துகிறார். இவர்களில் கடைசியாகச் சொன்னவருக்கு அந்த வீட்டில் ஒரு சதுர அடிகூடக் கிடையாது. கட்டுப்பாடு வந்தால் அனுமதியே இல்லாமல் கட்டுவார்கள் என்ற அச்சமும் மெய்தான். அதற்கு மின் இணைப்பையும் பணி நிறைவுச் சான்றிதழையும் கடுமையாகப் பிணைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, குழாய் வரும் தேதியை நம்பும்படி சொல்ல வேண்டும். காத்திருந்தால் கிடைக்கும் என்று தெரிந்தவர் விதியை மீறுவது குறையும்.

அந்தத் தேதியைக் கேட்கும் உரிமை மக்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதியின்போதே உட்கட்டமைப்பு வசதிகளுக்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வாங்கிய பணத்துக்கு எந்தத் தெருவில், எந்த ஆண்டில் குழாய் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதலாம். ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் அதன் கொள்ளளவு, இப்போது வந்துசேரும் கழிவுநீர், அனுமதி பெற்றும் இன்னும் குடியேறாத வீடுகளின் பங்கு ஆகிய மூன்றையும் சென்னையின் குடிநீர், கழிவுநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் ஆண்டுதோறும் வெளியிடலாம். மூன்றாவது எண்ணைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்றைய ஓட்டத்தை மட்டும் அளந்து இடம் இருக்கிறது என்று முடிவு செய்தால், ஏற்கெனவே வீடு வாங்கிவிட்டு இரண்டு ஆண்டு கழித்துச் சாவி வாங்கப்போகும் குடும்பங்களின் கழிவுநீருக்கு அந்தக் குழாயில் இடம் இருக்காது.