காணமும் காசும்: பரிசிற் கணக்கில் நேரும் ஒரு பிழை

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசிலை எண்ணிட்டுக் கூறுதலைத் தமிழ் பயில்வார் அனைவரும் அறிவர். கபிலர் நூறாயிரம் காணம் பெற்றார். அரிசில்கிழார் ஒன்பது நூறாயிரம் காணம் பெற்றார். காப்பியாற்றுக் காப்பியனார்க்கு நாற்பது நூறாயிரம் பொன் கிடைத்தது. இவ்வெண்களை இக்கால நிறைக்கு மாற்றிக் காட்டும் வழக்கம் ஆய்வேடுகளிற் பெருகி வருகின்றது. அண்மையில் எம் பார்வைக்கு வந்த ஓர் ஆய்வேடு, காணம் என்பதைக் கழஞ்சு எனவே கொண்டு, கபிலர் பெற்றது ஏறத்தாழ ஐந்நூறு கிலோகிராம் பொன் என முடிவு கட்டியிருந்தது. அம்மாணவரைக் கடிந்துகொள்ள எமக்கு உரிமையில்லை. பல்லாண்டுகட்கு முன்னர் யாமும் வகுப்பில் அங்ஙனமே கூறினோம். மாணவர் வியந்து கேட்டனர். அவ்வியப்பே எம்மை ஐயுறச் செய்தது. அவ்வையத்தின் பயனே இக்கட்டுரை.

நம் பழைய பொன்னிறை அலகுகள் யாவும் விதைகளிற் பிறந்தவை. குன்றிமணி ஒன்று குன்றி. குன்றி இரண்டு மஞ்சாடி. மஞ்சாடி இருபது கழஞ்சு. மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி எனப்படும் மரத்தின் செவ்விதை. கழஞ்சு, சிறுமியர் கைக்கொண்டாடும் கழற்சிக்காய். விதைக்கு விதை நிறை வேறுபடுதலின், ஊரும் அரசும் கல்லால் எடைகளை அமைத்துக்கொண்டன. குடிஞைக்கல், விடேல்விடுகு கல் எனக் கல்வெட்டுகள் இன்ன கல்லால் நிறுத்த பொன் என்று விதந்து ஓதுவது இதனாலேயே. ஊர்தோறும் காலந்தோறும் கழஞ்சு சிறிது வேறுபட்டது. பொதுவகையால் அதனைச் சுமார் 5 கிராம் எனக் கொள்ளலாம்.

இனி, காணம் எவ்விதை? காணம் என்பது கொள். பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் கொள்ளைக் காணம் என்றே வழங்குவர். கொள் விதை ஆயிரம் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிராம் நிற்கும். ஆகவே பதிகத்துக் காணத்தை விதையின் நிறையாகவே கொள்வோமாயின், கபிலர் பெற்ற நூறாயிரம் காணம் மூன்று கிலோகிராம் அளவினதாகும். கழஞ்செனக் கொள்வார்க்கு ஐந்நூறு; விதையெனக் கொள்வார்க்கு மூன்று. ஒரே தொடரிலிருந்து இத்துணை வேற்றுமை பிறக்குமாயின், அவ்வெண்ணைக் கொண்டு சேரர் செல்வத்தையோ புலவர் வாழ்க்கையையோ அளப்பது எவ்வாறு?

மூன்றே சரியென்று யாம் கூறவில்லை. விதைப் பெயர் கொண்ட அலகு விதையின் நிறையிலேயே நிற்க வேண்டும் என்னும் நியதி இல்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெற்ற பரிசில் ஈண்டுப் பெரிதும் துணைசெய்கின்றது. அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும், அதனொடு நூறாயிரம் காணமும் அவர்க்கு அளிக்கப்பெற்றன என்பது பதிகச் செய்தி. கா என்பது துலாம், நிறுத்துக் கொடுப்பது. அணிக்குரிய பொன்னை நிறுத்தும், காணத்தை எண்ணியும் கொடுத்தனர் என வேறுபடுத்தி உரைத்தமையால், காணம் என்பது பதிக ஆசிரியர் கருத்தில் எண்ணத்தக்க ஒரு நாணயம் அல்லது கணக்கலகு எனத் துணியலாம். முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளிலும் காணம் பொற்கணக்கில் வருகின்றது. பதிகங்களோ பாட்டுகட்குப் பிற்பட்டவை. தம் காலத்து அலகால் முற்காலப் பரிசிலை அவற்றின் ஆசிரியர் உரைத்தனர் எனக் கொள்ளுதற்கே இடமுண்டு.

அகழ்ந்தும் ஆற்றுமணலில் பொறுக்கியும் பெற்ற காசுகள் கூறுவது யாது? கரூரில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர் பொறித்த காசுகள் வெள்ளி. பெருவழுதி என்னும் பெயர் தாங்கிய பாண்டியர் காசு செம்பு. பொன்னாக மிகுதியும் கிடைப்பவை உரோமர் நாணயங்கள். யவனர் மரக்கலம் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு மீள்வதை அகநானூறு 149-ஆம் பாட்டு கூறுகின்றது. ஆண்டுதோறும் இந்தியா உரோமப் பேரரசினின்று ஐந்து கோடி செஸ்டர்சு ஈர்த்துக்கொள்வதாகப் பிளினி கவன்று எழுதினார். இவ்விரு சான்றும் ஒன்றையொன்று நோக்கி நிற்றலைப் பலரும் எடுத்துக் காட்டியுள்ளனர், விரித்தல் வேண்டா.

அவர் அத்துணை நோக்காதது ஒன்றுண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமீது உளியால் ஒரு வெட்டு உள்ளது. வெட்டியவர் யார், ஏன் வெட்டினர் என்பன பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எம் கருத்து இது: வெட்டுண்ட காசு உரோமன் ஆணையால் மதிப்புப் பெறும் நாணயமன்று, நிறையாலும் மாற்றாலும் மதிப்புப் பெறும் பொன். தமிழில் பொன் என்னும் ஒரு சொல்லே உலோகத்தையும் நாணயத்தையும் குறித்து நிற்பதன் பொருள் அவ்வெட்டில் விளங்குகின்றது. பெயரிலேயே வண்ணக்கன் என்னும் அடை பெற்ற புலவர் பலர் சங்கத் தொகைகளில் இருப்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. வண்ணக்கர் பொன்னும் காசும் நோட்டம் பார்ப்போர். முகம் நோக்கி வாங்காமல் மாற்று நோக்கி வாங்கிய ஒரு வாணிகத்திற்கே அவர் தேவை.

காசு என்னும் சொல் இதனினும் வழுக்கலானது. குறுந்தொகை 67-ஆம் பாட்டில், வேப்பம்பழத்தை அலகிற் கொண்ட கிளி, புதிய நூலிற் கோத்தற்குப் பொற்காசு ஒன்றை நகநுனியிற் பற்றியவரோடு உவமிக்கப்படுகின்றது. இக்காசு கோவைக்குரியது, உருண்டது, சந்தையிற் கொடுத்து வாங்குவதன்று. திருப்பாவையிலும் காசு பிறப்பு என்பவற்றோடு ஆய்ச்சியர் அணியாகவே வருகின்றது. வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு வாய்பாடாகக் காசு, பிறப்பு என்பவற்றை ஒருங்கு அமைத்த யாப்பிலக்கணத்தாரும் இவ்விரண்டு அணிகளையே கருதினர் போலும். எனவே சங்கப் பாட்டிற் காசு வருமிடமெல்லாம் நாணயம் எனப் பொருளெழுதுதல் தகாது.

கல்வெட்டிற் புகுந்தவுடன் அச்சொல் நாணயமாகின்றது. வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரத்தில் 290 காசு வைத்து, ஆண்டிற்கு 580 கலம் நெல் பெற வகுத்தான். காசுக்கு இருகலம் நெல் பொலிசை. திருச்செந்தூர்க் கல்வெட்டில் 1400 காசு இவ்வாறே முதல் கெடாமல் பல ஊரார் கையிற் கொடுக்கப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காசு ஒன்றிற்கு ஆண்டுப் பொலிசை அரைக்காற் காசு. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அக்காசை அரைக்கழஞ்சுப் பொன்னாகக் கொள்வர் ஆய்வாளர். ஆயின் பழங்காசு என்றும், அன்றாடு நற்காசு என்றும் அடைகொடுத்து எழுதவேண்டிய நிலை ஏன் உண்டாயிற்று? வழங்கும் காசெல்லாம் ஒரு தரத்தன அல்ல என்பதை எழுதுவித்தவர் அறிந்திருந்தனர். முதலை ஊரார் கையில் என்றென்றைக்கும் ஒப்புவிக்கும் கோயிலார்க்கு, எக்காசு என்பது எத்துணைக் காசு என்பதினும் முதன்மையானது. இராசராசன் பெயரை நாகரியிற் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் ஈழத்திலும் மிகுதியாகக் கிடைத்தலைக் காண்போர், ஒரு பெயரே பொன்னிலும் செம்பிலும் நின்றதை உணர்வர்.

அவ்விறக்கம் அங்கே நிற்கவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்துச் சென்னைக் கணக்கில் எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். வராகனொன்றில் 3360-இல் ஒரு பங்கே காசு. 1818-இல் ரூபாய் நிலையான நாணயமாக்கப்பட்டபின் அக்கணக்கும் ஒழிந்தது. போர்ச்சுக்கீசியர் வாய்வழிச் சென்று சீனரின் துளையிட்ட செப்புக்காசுக்கு ஐரோப்பியர் இட்ட பெயராயிற்று இச்சொல் என்பது ஒரு வேடிக்கை.

ஆதலின் அகராதி செய்வோர் காசு, காணம், பொன் என்பவற்றிற்கு நாணயம் என ஒரு சொற்பொருள் மட்டும் தந்து அமைதல் போதாது. காலமும் நாடும் உலோகமும் உடன் குறித்தல் வேண்டும். கபிலர் பரிசிலைப் பொறுத்தவரை, நூறாயிரம் காணம் என்பதை நூறாயிரம் காணம் என்றே எழுதுமாறு எம் மாணவர்க்குக் கூறியுள்ளோம். மேற்கூறிய ஆய்வேட்டிலும் ஐந்நூறு கிலோகிராம் என்னும் தொடர் நீக்கப்பட்டுவிட்டது.